மரக்கிளையிலேயே பெரணி வளர்வது எப்படி?

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள ஹோ மழைக்காட்டில், பெரிய மேப்பிள் மரங்களின் கிளையே தெரியாத அளவுக்குப் பாசியும் பெரணியும் மூடியிருக்கும். தரையில் வேர் விடாமல் இன்னொரு மரத்தின் மேல் வாழும் இவற்றுக்குத் தொற்றுத்தாவரங்கள் என்று பெயர். மாடியில் வாடகைக்கு இருந்தாலும் சமையல் தனி, அதுமாதிரிதான். மரம் தருவது இடம் மட்டும். தண்ணீரும் சத்தும் மழை, மூடுபனி, காற்றில் வரும் தூசி ஆகியவற்றிலிருந்து கிடைக்கின்றன.

அங்கே ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. குளிர்காலமும் அவ்வளவு கடுமையில்லை. அதனால் பாசி தடிமனாக வளரும். செத்த பாசி கிளையிலேயே மக்கி மண்ணாகும், அப்புறம் அதில் பெரணி வேர்பிடிக்கும்.

பலர் நினைப்பதுபோல இவை புல்லுருவி அல்ல, மரத்தை உறிஞ்சுவதில்லை. சொல்லப்போனால் மேப்பிள்தான் கிளையிலிருந்து வேர் விட்டு கிளைமேல் உள்ள அந்த மண்ணுக்குள் நுழைகிறது; காட்டுச் சூழலியலாளர் நளினி நட்கர்ணி 1981-ல் இதை வெளியிட்டார்.