பொம்மை விலங்குகளுக்கு ஒரு குட்டி ஊர்: கேளுங்கள், சொல்கிறேன்

முயல், கரடி, அணில், முள்ளம்பன்றி என்று வெல்வெட் தோல் போர்த்திய சில்வேனியன் பொம்மைகளைக் குடும்பம் குடும்பமாகச் சேர்த்து வைத்திருப்பவர்கள், அவற்றுக்கு வீட்டிலேயே ஒரு ஊர் கட்டுவது பற்றி என்ன வேண்டுமானாலும் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கேள்விகள் குவிந்துவிட்டன, வந்த வரிசையிலேயே போகிறேன். அட்டை, பசை, அளவு, விளக்கு, தூசி, இதெல்லாம் என் பேட்டை. எந்தப் பொம்மை அரிது, எதை என்ன விலைக்கு விற்கலாம் என்று கேட்டு என்னிடம் வராதீர்கள்.

அணில்வால்: அக்கா, புத்தக அலமாரியில் ஒரு தட்டைக் காலி செய்துவிட்டேன். ஆழம் 28 செ.மீ., அகலம் 75 செ.மீ. ஒரு முயல் குடும்பம், ஒரு கரடிக் குடும்பம் இருக்கிறது. எங்கே தொடங்குவது?

தெருவில் தொடங்குங்கள். பலரும் முதலில் வீட்டை வாங்கி நடுவில் வைத்துவிடுகிறார்கள், அப்புறம் பொம்மை நிற்க இடம் இருக்காது, எல்லாம் வீட்டுக்குள்ளே அடைந்து கிடக்கும், ஊர் என்று சொல்ல ஒன்றும் இருக்காது. 28 செ.மீ.யில் முன்னால் 10 செ.மீ. தெருவுக்கு விடுங்கள். அடுத்த 14 செ.மீ. கடை, வீடு. மிச்சம் 4 செ.மீ. வானத்துக்கும் பின்னணி மரங்களுக்கும். இந்த ஆழத்தில் முழு வீடு தேவையே இல்லை, முகப்பும் அதற்குப் பின்னால் ஒரே ஓர் அறையும் போதும், பின்சுவரை யாரும் பார்க்கப்போவதில்லை.

பின்னணி அட்டையை இரண்டு மூலையிலும் வளைத்து வையுங்கள். செங்கோண மூலை தெரிந்தால் அது அலமாரி, தெரியாவிட்டால் வானம். தரையைப் பின்பக்கம் 2 செ.மீ. அளவுக்கு உயர்த்தினால் பின்னால் நிற்கிற பொம்மையும் கண்ணில் படும். பின்வரிசை வீடுகளை முக்கால் பங்கு அளவில் செய்து, தெருவும் உள்ளே போகப்போகக் குறுகினால் 28 செ.மீ. இன்னும் ஆழமாகத் தெரியும். டிஸ்னிலாந்தின் பிரதான வீதியில் மேல்மாடிகளைக் கீழ்த்தளத்தைவிடச் சிறிதாகக் கட்டியிருப்பதும் இதே கண்கட்டுதான். ஆனால் அந்தச் சின்ன வீட்டுப் பக்கத்தில் பொம்மையை நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எதையும் ஒட்டுவதற்கு முன்னால் பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, டேப் போட்டு மொத்த ஊரையும் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். ஒரு வாரம் அப்படியே கிடக்கட்டும், எது இடிக்கிறது என்று தானே தெரிந்துவிடும். அலமாரி ஜன்னலுக்கு எதிரே இருந்தால் முதலில் அலமாரியை நகர்த்துங்கள். வெயில் பட்டால் சாயம் வெளுக்கும், அதற்கு மருந்து கிடையாது.

பனிக்கரடி: முயலின் காது அழுக்காகிவிட்டது. சோப்புத் தண்ணீரில் ஊறவைக்கலாமா?

வேண்டாம். அந்த வெல்வெட் தோல் துணி இல்லை. பசை பூசிய பிளாஸ்டிக் மேல் மிக நுண்ணிய இழைகளை நிலைமின்சாரத்தால் செங்குத்தாக நிற்க வைத்து ஒட்டியது. ஊறவைத்துத் தேய்த்தால் பசை விடும், காது நுனியும் கைநுனியும்தான் முதலில் வழுக்கையாகும். தூசிக்குக் காய்ந்த மென்மையான ஒப்பனைத் தூரிகை. கறைக்குத் துணியை நனைத்து நன்றாகப் பிழிந்துவிட்டு ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். நிழலில் காயவிடுங்கள். நிழலில்!

தெர்மாகோல்ராஜா: தெர்மாகோலில் குன்று செய்து பச்சை ஸ்ப்ரே அடித்தேன். பாதிக் குன்று கரைந்து குழி விழுந்துவிட்டது. பெயின்ட் கெட்டுப்போனதா?

பெயின்டில் குறை இல்லை. ஸ்ப்ரே டப்பாவில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். பல சூப்பர் க்ளூ வகைகளுக்கும் அதே குணம் உண்டு. முதலில் மரவேலைக்கான வெள்ளைப் பசையைக் கொஞ்சம் தண்ணீர் கலந்து, டிஷ்யூ தாளோடு மேலே போர்த்துங்கள். காய்ந்ததும் தண்ணீரில் கரையும் அக்ரிலிக் வண்ணத்தைத் தூரிகையால் அடியுங்கள். விழுந்த குழியை வீணாக்காதீர்கள், குளமாக்கிவிடலாம். சூட்டுக்கம்பியால் வெட்டுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வெட்டுங்கள், அந்தப் புகை நல்லதல்ல.

பன்னிரண்டில்ஒன்று: பொம்மை வீட்டுக்கு உலகம் முழுக்க 1:12தான் அளவு, அதாவது நிஜத்தில் 12 செ.மீ. இருப்பது பொம்மை வீட்டில் 1 செ.மீ. மேசை நாற்காலி எல்லாம் அதிலேயே வாங்குங்கள் என்று எல்லோருக்கும் சொல்லிவிடலாமே?

சொல்லமாட்டேன். குடும்பத்தில் அப்பா அல்லது அம்மா பொம்மையை எடுத்து நிறுத்தி அளந்து பாருங்கள், சுமார் 8 செ.மீ. வரும். 1:12இல் 170 செ.மீ. மனிதர் 14 செ.மீ. இருப்பார். 75 செ.மீ. மேசை 6.25 செ.மீ. ஆகும். 8 செ.மீ. முயலை அந்த மேசைக்கு முன்னால் நிறுத்தினால் கண்ணுக்கு நேரே பலகை இருக்கும். அது சாப்பிடுவதற்குப் பதிலாக மேசைக்குப் பின்னால் ஒளிந்து விளையாடுகிற மாதிரி இருக்கும்.

பூஞ்சோலை: நிஜப் பாசியை வைக்கலாமா?

உயிருள்ளது வேண்டாம். ஈரம் அட்டையை வளைக்கும், பூச்சி வரும். பதப்படுத்தியது என்றாலும் சாயம் இறங்குகிறதா என்று வெள்ளைத் தாளில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். வெள்ளைத் தோல் பொம்மை அருகில் வேண்டவே வேண்டாம்.

பன்னிரண்டில்ஒன்று: நீங்கள் சொல்வதை ஏற்கமுடியாது. விண்ட்சர் கோட்டையில் இருக்கும் ராணி மேரியின் பொம்மை வீடு 1924இல் முடிந்தது, அது 1:12. இங்கிலாந்தின் பேகான்ஸ்காட் குட்டி ஊர் 1929இலிருந்து இருக்கிறது, அதுவும் 1:12. நூறு வருட மரபை ஒரு முயலுக்காக மாற்றுவதா?

முயலுக்காகத்தானே ஊர் கட்டுகிறோம் சார்! அங்கெல்லாம் ஆட்களையும் ஊரையும் ஒரே அளவில் செய்தார்கள், அதனால் பொருந்துகிறது. நெதர்லாந்தில் 1952இல் திறந்த மதுரோடாம் என்ற குட்டி நகரம் 1:25. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இருக்கும் மினியேச்சர் வுண்டர்லாந்து என்ற குட்டி உலகம், ரயில் பொம்மைக்காரர்களின் 1:87. ஒவ்வொருவரும் தங்கள் ஆளுக்கும் இடத்துக்கும் ஏற்ற எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். நம் ஆள் ஏற்கெனவே கையில் இருக்கிறார், அவருக்குக் குட்டைக் கால், பெரிய தலை, நீளக் காது.

கூட்டில்வாழ்பவள்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். இந்த வகைப் பொம்மைகள் 1:16 என்று சேகரிப்பவர்கள் சொல்வார்களே, அதுதானே சரி?

1:12ஐவிட நெருக்கம், அவ்வளவுதான். 1:16இல் மேசை 4.7 செ.மீ., கதவு 13 செ.மீ. மேசை தாடையை இடிக்கும். 8 செ.மீ.யை நிஜமாகவே 170 செ.மீ. மனிதரோடு வகுத்தால் 1:21 வருகிறது. அதை வைத்து நாற்காலி செய்தால் உட்காரும் உயரம் 2 செ.மீ.க்கு மேல் வரும், ஆனால் கால் குட்டை என்பதால் பாதம் அந்தரத்தில் தொங்கும். ஆக எந்த எண்ணும் முழுக்கப் பொருந்தாது.

அதனால் நான் எண்ணையே பிடிப்பதில்லை, உடம்பைப் பிடிக்கிறேன். நாற்காலிக்குப் பொம்மையை உட்கார வைத்து முழங்காலில் இருந்து பாதம் வரை அளவு. மேசைக்கு, உட்கார்ந்த பொம்மையின் கை மடங்கும் இடம். கட்டிலுக்குப் படுக்க வைத்த நீளத்தோடு ஒரு செ.மீ. கூட. கதவுக்கு மொத்த உயரத்தில் நாலில் ஒரு பங்கு சேர்த்தால் 10 செ.மீ. காது நிமிர்ந்த முயல் என்றால் காதையும் சேர்த்து அளந்து, அப்புறம் அந்த நாலில் ஒன்று. ஒரு மாடி உயரம் 13, 14 செ.மீ. இருந்தால் உங்கள் கையும் உள்ளே நுழையும், அதை மறந்து கட்டியவர்கள் விழுந்த பொம்மையைத் தூக்க முடியாமல் கூரையைக் கழற்றுகிறார்கள்.

கரண்டிக்கடை: அக்கா, ஆனால் என்னிடம் 1:12 கோப்பை, தட்டு எல்லாம் இருக்கிறது. அவை அழகாகத்தான் பொருந்துகின்றன. அப்படியானால் அவர் சொன்னதும் பாதி சரிதானே?

நல்ல கேள்வி. பொருந்தும், அதற்குக் காரணமும் உடம்புதான். 9 செ.மீ. கோப்பை 1:12இல் 7.5 மி.மீ. ஆகும். பொம்மையின் தலை உடம்புக்குப் பெரிது, வாயும் கையும் அதற்கேற்ற பருமன். முகத்துக்குப் பக்கத்தில் வருகிற எதையும் தலையின் அளவுக்குச் செய்யவேண்டும். கோப்பை, தொப்பி, புத்தகம், மூக்குக்கண்ணாடி எல்லாம் 1:12இல் எடுபடும். காலுக்குப் பக்கத்தில் வருகிற நாற்காலி, படிக்கட்டு, மிதிவண்டி எடுபடாது. படியை 1 செ.மீ. உயரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

பன்னிரண்டில்ஒன்று: அப்படியானால் ஒரே வீட்டில் இரண்டு அளவா? அது ஒழுங்கே இல்லை.

பொம்மைக்கே இரண்டு அளவு இருக்கிறது சார், தலைக்கு ஒன்று காலுக்கு ஒன்று. அதைச் செய்தவர்களிடம் போய்ச் சண்டை போடுங்கள். ஜப்பானின் எபோக் நிறுவனம் 1985இலிருந்து சில்வேனியன் குடும்பங்களை இப்படித்தான் செய்துகொண்டிருக்கிறது.

மின்மினி: வீடுகளுக்குள் விளக்கு போட ஆசை. மின்சாரம் என்றாலே பயம்.

230 வோல்ட் பக்கமே போகவேண்டாம். செல்பேசி சார்ஜரின் 5 வோல்ட் போதும். வெள்ளை எல்இடி சுமார் 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மீதி 2 வோல்ட்டை மின்தடை (ரெசிஸ்டர்) தாங்கவேண்டும். 20 மில்லிஆம்பியருக்குக் கணக்குப்படி 100 ஓம். ஆனால் அது இந்த அறைக்கு மேடை விளக்கு மாதிரி அடிக்கும், 330 ஓம் போடுங்கள், வீட்டு விளக்காகிவிடும். ஒவ்வொரு எல்இடிக்கும் தனித்தனி மின்தடை, எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று போதும் என்று சிக்கனம் பிடிக்காதீர்கள். வாங்கும்போது 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் சாயல் வெள்ளையைக் கேளுங்கள். நீலச் சாயல் வெள்ளையில் முயல் வீடு ஆஸ்பத்திரி வார்டு மாதிரி ஆகிவிடும்.

அட்டைச் சுவர் வழியாக வெளிச்சம் கசியும். உள்பக்கம் முதலில் கறுப்பு அடித்துவிட்டு அதன்மேல் சுவர் வண்ணத்தை அடியுங்கள், ஜன்னலில் மட்டும் வெளிச்சம் வரும். ஜன்னல் பிளாஸ்டிக்கை சூப்பர் க்ளூவால் ஒட்டினால் அதன் ஆவி வெள்ளையாகப் படியும், வெள்ளைப் பசைதான் நல்லது. வயரை ஒட்டி மூடிவிடாதீர்கள், வீட்டின் அடியில் ஒரு துளை வழியாக வெளியே வரட்டும்.

குட்டிஅம்மா: இரண்டு வயதுப் பையன் இருக்கிறான். கீழ்த்தட்டில் வைத்தால் அவனும் விளையாடுவானே என்று பார்க்கிறேன்.

வேண்டாம் அம்மா. மற்ற கேள்விகளில் விளையாட்டாகப் பேசுகிறேன், இதில் பேசமாட்டேன். 2023 மார்ச்சில் அமெரிக்காவில், அங்கே காலிகோ கிரிட்டர்ஸ் என்று விற்கிற இதே பொம்மைகளில், குட்டிப் பால்புட்டியும் சூப்பானும் சேர்ந்து வந்த 32 லட்சத்துக்கும் மேற்பட்டவற்றைத் திரும்பப் பெற்றார்கள். அந்தத் துண்டுகள் தொண்டையில் அடைத்து இரண்டு குழந்தைகள் இறந்திருந்தார்கள். மூன்று வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை கைக்கு எட்டுகிற உயரத்தில் ஊர் கூடாது. பட்டன் பேட்டரி போட்ட விளக்கு இருந்தால் இன்னும் மோசம், விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருப்பான் என்று சந்தேகம் வந்தாலே உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், காத்திருந்து பார்க்கிற விஷயம் இல்லை. அவனுக்கு விளையாடப் பெரிய துணிப் பொம்மை கொடுங்கள், ஊர் மேல்தட்டில் இருக்கட்டும்.

மலைவாசி: தெர்மாகோல் மேல் ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கலாமா?

மேலே ராஜாவின் குன்றுக்கு நடந்ததைப் படியுங்கள்.

நதிமூலம்: ஆறு ஓடவேண்டும். ரெசின் ஊற்றலாமா?

ஊற்றலாம், ஆனால் அவசரக்காரருக்கு ஆகாது. ரெசின் என்பது கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுகிற இரண்டு திரவம். இரண்டு திரவத்தையும் டப்பாவில் போட்டிருக்கும் விகிதத்தில் சரியாக அளந்து, கையுறை போட்டு, காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள். தோலில் திரும்பத் திரும்பப் பட்டால் ஒவ்வாமை வந்துவிடும், ஒருமுறை வந்தால் போகாது. ஆறு இரண்டு மூன்று மி.மீ. படலமாகத்தான் இருக்கவேண்டும், ஒரேயடியாக ஆழமாக ஊற்றினால் சூடேறும், அடியில் தெர்மாகோல் இருந்தால் அது உருக்குலையும். அடிப்பகுதியை முதலில் வெள்ளைப் பசையால் முழுக்க அடைத்துவிடுங்கள், ஊசித்துளை இருந்தாலும் ஆறு அலமாரிக்குள் இறங்கிவிடும். நான் பெரும்பாலும் ரெசினே எடுப்பதில்லை. ஆழமான இடத்தில் கரும்பச்சையும் கரையோரம் மண்நிறமும் அடித்து, மேலே பளபளப்பான அக்ரிலிக் ஜெல்லைப் பூசி, தூரிகையால் குத்திக் குத்தி அலை எழுப்பிவிட்டால் வேலை முடிந்தது. மேலே சொன்ன எந்த ஆபத்தும் இல்லை.

சேமிப்புக்கிடங்கு: பெட்டி பிரிக்காத பழைய பொம்மை என்ன விலை போகும்?

முதல் பத்தியைப் படிக்கவில்லை நீங்கள்.

பச்சைக்கிளி: தெர்மாகோல் மேல் வண்ணம் அடித்தால் கரைகிறதே, ஏன்?

மூன்றாவது ஆள். ஸ்ப்ரே வேண்டாம், வெள்ளைப் பசை, அக்ரிலிக். இனி இதைக் கேட்டால் பதில் வராது.

அட்டைப்புலவர்: அட்டைச் சுவர் வண்ணம் அடித்ததும் வளைந்துவிடுகிறது.

ஒரு பக்கம் மட்டும் ஈரம் பட்டால் வளையத்தான் செய்யும். இரண்டு பக்கமும் அடியுங்கள், காயும்போது மேலே கனமான புத்தகத்தை வையுங்கள், இடையில் எண்ணெய்த்தாள் இருக்கட்டும். 2 மி.மீ. கெட்டி அட்டைக்கு மாறினால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

வெயில்பட்சி: ஜன்னல் மேடையில் ஊர் வைத்தால் இயற்கை வெளிச்சத்தில் படம் எடுக்க வசதியாக இருக்குமே?

படம் எடுக்கும்போது பொம்மையை ஜன்னலுக்குக் கொண்டுபோங்கள், எடுத்து முடித்ததும் உள்ளே கொண்டுவந்துவிடுங்கள். ஊர் ஜன்னலில் கூடாது. இதை எத்தனை பேருக்குத்தான் சொல்வது!

பன்னிரண்டில்ஒன்று: என் முயலை அளந்தேன். காதோடு 9 செ.மீ. இருக்கிறது, 8 இல்லை. வாங்கிய கதவு 17.5 செ.மீ. அதை என்ன செய்வது?

9க்கு நாலில் ஒன்று சேர்த்தால் 11 செ.மீ.யும் கொஞ்சமும். உங்கள் கதவு வீட்டுக்கு ஆகாது, ஆனால் ஊருக்கு நடுவில் தேவாலயமோ நூலகமோ ரயில் நிலையமோ கட்டினால் அதற்கு அச்சாகப் பொருந்தும், பொதுக் கட்டடத்துக் கதவு ஆளைவிட இரண்டு மடங்கு உயரமாகத்தானே இருக்கும். கைப்பிடியை மட்டும் கழற்றி முயலின் கை எட்டுகிற உயரத்துக்கு இறக்கி ஒட்டுங்கள்.