14-ஆவது நாள் கணக்கு

கேள்வி: கல்யாணமாகி எட்டு மாசம் ஆகுது, எனக்கு வயசு 27. பீரியட்ஸ் 35 நாளைக்கு ஒரு தடவைதான் வரும். 14-ஆவது நாள்தான் கரு தங்கும்னு நாத்தனார் சொன்னதால காலண்டர்ல அந்த நாளுக்கு மட்டும் வட்டம் போட்டு வச்சிருக்கோம், ஒண்ணும் நடக்கல. எங்க தப்பு பண்றோம்?

பதில்: தப்பு காலண்டர்லதான் மா. அந்த 14 நாள் கணக்கு 28 நாள் சைக்கிள் உள்ளவங்களுக்கு, அதையும் முன்னாடியிருந்து எண்ணக் கூடாது, அடுத்த பீரியட்ஸ்லேர்ந்து பின்னாடி எண்ணணும், ஏன்னா முட்டை வெளிவந்த பிறகு வர்ற நாட்கள்தான் பெரும்பாலும் 12-லேர்ந்து 14-னு ஓரளவு மாறாம இருக்கும், முன்பாதிதான் ஆளுக்கு ஆள் இழுக்கும். உங்களுக்கு 35-ல 14 போனா 21, அதாவது நீங்க வட்டம் போட்ட நாளுக்கு ஒரு வாரம் கழிச்சுதான் முட்டையே வருது!

வந்த முட்டைக்கு ஆயுசு ஒரு நாள்தான், அதுவும் முழுசா இல்ல. ஆனா விந்தணு உள்ள போய் அஞ்சு நாள் வரைக்கும் உயிரோட காத்திருக்கும். அதனால பீரியட்ஸ் ஆரம்பிச்ச நாளை ஒண்ணுன்னு வச்சு எண்ணி, 16-ஆவது நாள்லேர்ந்து 21-ஆவது நாள் வரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் சேர்ந்தா போதும். அந்த சமயத்துல வெள்ளைப்படுறது பச்சை முட்டை வெள்ளைக்கரு மாதிரி வழவழன்னு, விரல்ல தொட்டா நூலா இழுபடும், காலண்டரை விட அதை நம்பலாம்.

ஒரு வருஷம் பார்த்தும் தங்கலைன்னா டாக்டர்கிட்ட போங்க, சைக்கிள் இன்னும் தள்ளிப்போச்சுன்னா முன்னாடியே போங்க, தைராய்டு, பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டின்னு சொல்வாங்களே, அது) ரெண்டையும் பார்த்துடலாம். போறப்ப வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, விந்து டெஸ்ட் ரொம்ப ஈஸி, ஆனா நம்மூர்ல அதைத்தான் கடைசியா எடுக்கிறாங்க.