பறக்கும் வண்டியும் ஜட்ஜ் நாயும்

கேள்வி: அயர்லாந்து டிவில முன்னாடி குதிரை வண்டி பறக்கிற மாதிரி ஒரு பொம்மை ஷோ வந்துச்சாமே, அது என்ன, இப்போ முழுசா பாக்க முடியுமா?

பதில்: நீங்க கேக்குறது 'வாண்டர்லி வேகன்'. ஆர்டிஈ சேனல்ல 1967ல ஆரம்பிச்சு 1982 வரைக்கும் ஓடுச்சு. ஓ'பிரையன், ரோரி, காட்மதர்னு மனுஷங்க ஒரு பக்கம், ஜட்ஜ்ங்கிற நாய், மிஸ்டர் க்ரோங்கிற வாயாடி காக்கா, ஃபாக்ஸிங்கிற நரின்னு பொம்மைங்க ஒரு பக்கம், எல்லாரும் அந்த மாய வண்டில ஏறி அயர்லாந்து பூரா சுத்துவாங்க, பழைய ஐரிஷ் கதைகள்ல இருந்தெல்லாம் ஆளுங்க வருவாங்க. ஓ'பிரையனா நடிச்ச யூஜின் லாம்பர்ட், மனுஷர் அசல் கலைஞர்ங்க, 1972ல டப்ளின் பக்கத்துல மங்க்ஸ்டவுன்ல குடும்பத்தோட சேர்ந்து பொம்மலாட்டத்துக்குன்னே தியேட்டர் கட்டினார். பின்னாடி திரைக்கதைக்கு ஆஸ்கர் வாங்கின நீல் ஜோர்டன்கூட ஆரம்பத்துல இந்த ஷோவுக்கு எழுதியிருக்கார்!

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஜட்ஜ்தான். 70கள்ல ரோடு எப்படி கிராஸ் பண்ணணும்னு பசங்களுக்கு சொல்லிக்கொடுக்க 'சேஃப் கிராஸ் கோட்'னு விளம்பரம் எடுத்தாங்க, அதுக்கு இந்த நாயைத்தான் போட்டாங்க, நல்ல இடமா பாரு, நில்லு, சுத்திப் பாரு, வண்டியெல்லாம் போனப்புறம் நேரா நடன்னு பாட்டாவே வரும்.

முழுசா பாக்க வழியில்லைங்க. அப்போ டேப் விலை ஜாஸ்தி, அழிச்சிட்டு அதுலயே வேற ப்ரோகிராம் பதிவு பண்ணிட்டாங்க, அதனால நிறைய எபிசோட் போயே போச்சு, மிச்சம் கொஞ்சம்தான். எனக்கு இன்னும் ஆறல.