நமநமக்கும்போதே களிம்பை எடுங்கள்

கேள்வி: காய்ச்சல் வந்து போனாலோ, சேர்ந்தாற்போல் ராத்தூக்கம் கெட்டாலோ, கீழுதட்டு ஓரத்தில் ஒரே இடத்தில் கொத்தாகக் கொப்புளம் வந்துவிடுகிறது, டாக்டர். பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டேன், பற்பசை தடவினேன், எரிச்சல்தான் மிச்சம். இப்போதும் வந்திருக்கிறது. அக்காவுக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. பார்க்கப் போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். பொருக்கு உதிர்ந்து தோல் மூடும்வரை போகாதீர்கள். போயே தீர வேண்டுமென்றால் முகக்கவசம் போட்டு, சோப்பால் கை கழுவிக்கொள்ளுங்கள். முத்தம் மட்டும் கூடவே கூடாது. பச்சிளங்குழந்தைக்கு இது தொற்றினால் கல்லீரல், மூளை வரை பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். அக்கா கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸின் வேலை. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி, 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினரிடம் இதன் முதல் வகை இருக்கிறது. பெரும்பாலும் சின்ன வயதில் யாரோ கொஞ்சியபோது தொற்றியிருக்கும். அப்புறம் முகத்து நரம்பின் முடிச்சில் போய்ப் பதுங்கிக்கொள்ளும். காய்ச்சல், தூக்கமின்மை, கடும் வெயில், மாதவிடாய், மன உளைச்சல் என்று ஏதாவது சாக்குக் கிடைத்தால் அதே நரம்பு வழியாக இறங்கி வரும். அதனால்தான் அதே இடம். வைட்டமின் குறைவால் வாயின் மூலை வெடிப்பது வேறு சமாச்சாரம். பாவம், பி-காம்ப்ளெக்ஸ் இங்கே என்ன செய்யும்?

இதை அடியோடு விரட்ட மருந்து இல்லை. ஆனால் சீக்கிரம் அடக்கலாம், ஆரம்பத்திலேயே பிடித்தால். கொப்புளம் கிளம்புவதற்கு முன்பே அந்த இடம் நமநமவென்று இருக்கும், லேசாகச் சுடும். உங்களுக்கு அது இதற்குள் பழகியிருக்கும். அசைக்ளோவிர் களிம்பை அப்போதே தடவத் தொடங்குங்கள்: பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாக நாளுக்கு 5 தடவை, ஐந்து நாள். மூன்றாம் நாள் தடவினால் பெரிதாகப் பலன் இராது. உள்ளதைச் சொன்னால், சரியான நேரத்தில் தடவினாலும் மிச்சமாவது ஏறக்குறைய அரை நாள்தான். மாத்திரை இன்னும் கொஞ்சம் மேல். வாலாசைக்ளோவிரை ஒரே நாளில் இரண்டு வேளையோடு முடித்துவிடலாம். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும் என்பதால் மருத்துவர் சீட்டு வேண்டும். அடிக்கடி வருகிறவர்களுக்குத் தினசரி மாத்திரையும் உண்டு.

வீட்டு வைத்தியத்தில் நான் ஒத்துக்கொள்வது, துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் பொருக்கு வெடிக்காமலிருக்க வாசலினும். தேன்? நியூசிலாந்தில் ஒருவகைத் தேனை அசைக்ளோவிர் களிம்போடு ஒப்பிட்டார்கள். குணமாக இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே கால அளவுதான் ஆனது. அது மருத்துவத் தரத் தேன் என்பதால் அடுக்களை பாட்டிலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பற்பசை, எலுமிச்சை, உப்பு எல்லாம் புண்ணைக் கிளறும். வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு களிம்பைச் சொந்தமாகத் தடவவே தடவாதீர்கள். வெயிலில் போகும்போது எஸ்.பி.எஃப் 30 உள்ள லிப் பாம் போடுங்கள், யாருடனும் பகிராமல்.

அப்புறம், கண். புண்ணைத் தொட்ட கையால் கண்ணைக் கசக்கினால் கருவிழியில் தொற்றலாம். காண்டாக்ட் லென்ஸை எச்சிலால் நனைத்துப் போடுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன்! கண் சிவந்து கூசினால் அன்றைக்கே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். கொப்புளம் பத்து நாளாகியும் ஆறாவிட்டாலும் காட்டிவிடுங்கள்.