கொலு பொம்மைக்கு வண்ணம் தீட்டும் பிறந்தநாள்: ஒரே நாளில் முடியுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாடி வீட்டில் வாடகைக்கு இருக்கிறோம். மகளுக்கு எட்டு வயது நிறைகிறது. இந்த வருடம் பிறந்தநாள் நவராத்திரிக்குள் வருகிறது. வகுப்புப் பிள்ளைகள் பதினைந்து பேரைக் கூப்பிட்டு, களிமண்ணில் கொலு பொம்மை செய்ய வைத்து, வண்ணம் தீட்டி, அன்றைக்கே கையில் கொடுத்தனுப்ப ஆசை. கடல்தான் தீம். விழா நடத்திக் கொடுப்பவர் ஒருவர் 18,000 ரூபாய்க்கு கொட்டேஷன் தந்திருக்கிறார்: அலங்காரம் 7,500, பிள்ளைக்கு 350 வீதம் 'ஈகோ கிளே கிட்' 5,250, விளையாட்டு நடத்த ஒரு ஆள் 3,000, கேஸ் பலூனும் ஸ்னோ ஸ்பிரேயும் 2,250. முன்பணம் 3,000 கொடுத்துவிட்டோம். பொம்மை அன்றைக்கே காயுமா? நாங்களே நடத்த முடியுமா? பொம்மைக்குப் பதில் அகல் விளக்கு கொடுத்தால் என்ன?

பதில் தருபவர்: புதுச்சேரியில் சுடுமண் கைவினை கற்றுத்தரும் ஆசிரியை.

காயாது. முதலில் இதை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள், பாதிப் பிரச்சினை அதோடு தீர்ந்துவிடும்.

பிள்ளைகள் பிடிக்கும் பொம்மை கட்டியாக இருக்கும். மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்து சுருங்கும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். அந்த இழுபறியில்தான் கழுத்திலும் கையிலும் வெடிப்பு விடுகிறது. சீக்கிரம் காயட்டும் என்று ஃபேனுக்கு அடியிலோ வெயிலிலோ வைத்தால் வெடிப்பு அதிகமாகும். நிழலில் நாலைந்து நாளாவது கிடக்க வேண்டும். கடலோரத்தில் புரட்டாசி, ஐப்பசிக் காற்றில் ஈரம் இருப்பதால் இன்னும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளுங்கள். சுடாத மண்ணின் மேல் தண்ணீர் கலந்த வண்ணத்தைப் பூசினால் மண் கரைந்து பிரஷோடு வரும். மீனுக்கு நீலம் தீட்டப் போன குழந்தைக்கு மீனின் வாலே சேறாகிவிடும். அழுதுகொண்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தபடி கேக் வெட்ட உங்களுக்கும் மனம் வராது.

அதனால் செய்வதையும் தீட்டுவதையும் பிரித்துவிடுங்கள். சூளையில் சுட்ட, வண்ணம் பூசாத பொம்மையை முன்கூட்டியே வாங்கி வைத்து, அன்றைக்குத் தீட்ட மட்டும் விடுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் ஒன்றரை மணி நேரத்தில் ஆளுக்கொரு சிறிய பொம்மையை முடித்துவிடுவார்கள். மண்ணைப் பிசையும் ஆசைக்குக் கடைசியில் ஆளுக்கொரு எலுமிச்சை அளவு களிமண் கொடுங்கள். நண்டு, சங்கு என்று எதையாவது பிடித்து ஒரு தாம்பாளத்தில் வைக்கட்டும். அது வீட்டுக்குப் போகாது, உங்கள் கொலுவில் கடற்கரையாக இருக்கும் என்று முதலிலேயே சொல்லிவிட்டால் யாரும் கேட்கமாட்டார்கள்.

பொம்மைக்கு நீங்கள் அலைய வேண்டியதில்லை. பண்ருட்டியில் கொலு பொம்மை செய்கிற குடும்பங்கள் இருக்கின்றன. இந்தப் பக்கம் வந்தால் வில்லியனூர் சுடுமண் வேலை, திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மை. இரண்டுமே புவிசார் குறியீடு பெற்றவை. காகிதக்கூழ் பொம்மை எடையே இருக்காது, கீழே விழுந்தாலும் நொறுங்காது, சின்னப் பிள்ளைகளுக்கு அதுவே நல்லது. ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். நவராத்திரி நெருங்கிவிட்டால் கையில் இருப்பது எல்லாமே வண்ணம் பூசி முடித்த சரக்காகத்தான் இருக்கும். மீன், ஆமை, கட்டுமரம், வலை தூக்கிய மீனவர், மீன்கூடை வைத்திருக்கும் அம்மா என்று கேளுங்கள். அச்சு இருந்தால் எடுத்துத் தருவார்கள். கடல் தீமுக்கு இதைவிட என்ன அலங்காரம் வேண்டும்? தேவனாம்பட்டினம் கடற்கரையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் டால்பினுக்கு 7,500 கொடுப்பது எனக்குத் தாங்கவில்லை.

இப்போது அந்த 'ஈகோ கிளே கிட்'. இதில்தான் மக்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். பெட்டியின் மேல் பச்சை இலைப் படம் இருக்கும், உள்ளே என்ன என்று எழுதியிருக்காது. அசல் களிமண்ணும் இருக்கலாம், காகிதமும் பசையும் கலந்த மாவும் இருக்கலாம், வெறும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பொடியும் அச்சும் இருக்கலாம். பொடி என்றால் தயவுசெய்து பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். தண்ணீர் சேர்ந்ததும் அது இறுகும்போது சூடாகும். கொஞ்சமாகக் கலக்கும்போது வெதுவெதுப்புதான் தெரியும், கெட்டியாகக் கலந்த வாளிக்குள் கையை விட்டு வைத்தால் வெந்துவிடும். 2007இல் இங்கிலாந்தில் ஒரு பள்ளி மாணவி கை அச்சு எடுப்பதற்காக அதில் கையை விட்டு, விரல்களை இழந்தாள். இப்போது நம் ஊர் பிறந்தநாள்களிலும் 'கை அச்சு நினைவுப் பரிசு' என்று ஆரம்பித்திருக்கிறார்கள். உங்கள் ஆள் அதையும் இலவசமாகச் சேர்த்துத் தருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பொம்மையாக வாங்கும்போதும் இதே ஏமாற்று உண்டு. பொம்மையைத் தலைகீழாகத் திருப்பி, வண்ணம் படாத அடிப்பாகத்தை நகத்தால் சுரண்டுங்கள். செங்கல் நிறத்தில் தூள் வந்தால் சுடுமண். வெள்ளையாக, முகப்பவுடர் மாதிரி விரலில் ஒட்டினால் பிளாஸ்டர். அடியில் வண்ணம் பூசி மறைத்திருந்தால் அதை வாங்கவே வேண்டாம். சுட்ட பொம்மை நன்றாக வெந்திருக்கிறதா என்று பார்க்க விரலை மடக்கித் தட்டுங்கள், 'ணங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் வேகவில்லை, அல்லது எங்கோ விரிசல். சுடாத மண் பொம்மை என்று சொல்லி விற்றால் உடைந்த துண்டு ஒன்றைக் கேட்டு வாங்கித் தண்ணீரில் போடுங்கள். காய்ந்த களிமண் சீக்கிரமே பொலபொலவென்று உதிர்ந்து சேறாகும். பிளாஸ்டர் மறுநாளும் அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம் வாங்குகிறவர் ஏன் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்பது நியாயம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020இல் திருத்திய வழிகாட்டுதல், நீரில் கரைக்கிற சிலைகளுக்கு பிளாஸ்டர் கூடாது என்கிறது. கொலு பொம்மையைக் கரைப்பதில்லை, அதனால் அதைக் கேட்பாரில்லை. என்ன பொருளில் செய்தது என்று அடியில் ஒரு வார்த்தை அச்சடிக்க வைத்தால் போதும், அதைச் செய்ய ஆளில்லை. பிளாஸ்டர் மூட்டை ஹார்டுவேர் கடையில் யார் கேட்டாலும் கிடைக்கும். பரம்பரையாக மண் வேலை செய்கிறவர் ஏரியில் களிமண் எடுக்க விண்ணப்பம், அனுமதிச் சீட்டு என்று நடக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2024இல் வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று எளிதாக்கினார்கள், நல்லதுதான். ஆனாலும் மண் எடுக்கிறவருக்கு மட்டும் காகிதம், பிளாஸ்டர்காரருக்கு ஒன்றுமில்லை என்பது எந்த ஊர் நியாயம்? நடுவில் நிற்கிற வியாபாரி முன்பணத்தைக் கொடுத்துச் சரக்கை மொத்தமாக அள்ளிக்கொண்டு போய், அதே பொம்மையைப் பல மடங்கு விலைக்கு நகரத்தில் விற்கிறார். செய்தவருக்கு மண் வாசனைதான் மிச்சம். முடிந்தால் நேரில் போய் அவர் கையில் காசைக் கொடுங்கள்.

சரி, வண்ணத்துக்கு வருவோம். சுட்ட மண் தண்ணீரை உறிஞ்சும், நேராகப் பூசினால் நிறம் மங்கிவிடும். அதனால் முதல் நாள் மாலையே எல்லாப் பொம்மைக்கும் வெள்ளை அக்ரிலிக்கை ஒரு கை பூசிக் காயவிடுங்கள். பெரியவர்கள் இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும். அன்றைக்கு அக்ரிலிக் மட்டுமே கொடுங்கள். போஸ்டர் கலர் ஈரக்கை பட்டால் ஒட்டிக்கொண்டு வரும். நீலம், மஞ்சள், சிவப்பு, வெள்ளை, கறுப்பு ஆகியவற்றில் 100 மில்லி பாட்டில் ஒவ்வொன்று வாங்கினால் பதினைந்து சிறிய பொம்மைக்குப் போதும், வெள்ளை மட்டும் இரண்டாக வாங்குங்கள். மூடியில் கம்பெனி பெயரும் 'நச்சற்றது' என்ற குறிப்பும் இருக்க வேண்டும். பெரிய டப்பாவிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கும் பெயரில்லாத வண்ணத்தைத் தொடவே வேண்டாம். வீட்டு வண்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்று 2017 நவம்பர் முதல் விதி இருக்கிறது. லேபிளே இல்லாத பாட்டிலில் அதை யார் பார்ப்பது?

தரையில் பழைய ஃபிளெக்ஸ் பேனரை, அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி விரியுங்கள். செய்தித்தாள் போட்டால் ஈரத்தில் ஒட்டிக் கிழிந்து, வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக் கேள்வி கேட்பார். பிரஷ் கழுவ டம்ளர் வேண்டாம், எப்படியும் ஒருவன் தட்டிவிடுவான். எவர்சில்வர் டபராவில் பாதித் தண்ணீர் வையுங்கள், அடி அகலமாக இருப்பதால் லேசில் கவிழாது. முட்டை அட்டையின் குழிகளில் ஐந்து நிறத்தையும் ஊற்றி இரண்டு பேருக்கு ஒன்று வைத்தால் சண்டை குறையும். ஆரம்பிக்கும் முன் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் பென்சிலால் பெயர் எழுதிவிடுங்கள். கண் வரைவது கடைசியில். பிரஷால் வரையப்போனால் கண் முகம் முழுக்கப் பரவும். தென்னை ஈர்க்குச்சி நுனியைக் கறுப்பில் தொட்டு ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள், சிறுவர்கள் வைத்த கண் பொம்மைக்கு உயிர் கொடுக்கும். வார்னிஷ் அன்றைக்கு வேண்டாம், நெடி மாடி வீட்டில் நிற்கும். அரை மணி நேரத்தில் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்துவிடும், காகிதத்தில் சுற்றிக் கொடுங்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டினால் புழுங்கி ஒட்டிக்கொள்ளும்.

அகல் விளக்கு பற்றிக் கேட்டீர்கள். கொடுக்கலாம், ஆனால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பொம்மையை அலமாரியில் வைப்பார்கள், விளக்கை ஏற்றுவார்கள். வெறுமனே அழகுக்கு வைக்கப் போகிறார்கள் என்றால் எங்கும் எப்படியும் பூசலாம். ஏற்றுவார்கள் என்றால், கார்த்திகை வரை வைத்திருந்து ஏற்றத்தான் செய்வார்கள், உள்பக்கம் துளி வண்ணமும் படக்கூடாது. திரி கிடக்கும் மூக்கிலும், அதைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கும், வெளியே உட்பட எதுவும் வேண்டாம். தீ படும் இடத்தில் வண்ணம் கருகி நாறும், மினுக்குப் பொடியும் பசையும் இருந்தால் பற்றிக்கொள்ளும். கண்ணாடித் துண்டு ஒட்டுகிறார்களே, அந்தப் பசைக்கும் இதேதான். அடுத்து எண்ணெய். அகல் எண்ணெயைக் குடித்து வெளியே கசிய விடும், அப்போது வெளியே பூசிய வண்ணம் உப்பி உரியும். கசியாமல் இருக்க அகலைத் தண்ணீரில் ஊறவைப்பது நம் வழக்கம். ஆனால் ஊறின அகலில் அன்றைக்கே பூசினால் வண்ணம் பிடிக்காது, முழுக்கக் காயவிட்டுத்தான் பூச வேண்டும், காய்ந்தபின் மறுபடி எண்ணெய் குடிக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கிறது. அதனால் வண்ணம் பூசிய அகலில் எண்ணெயை நேராக ஊற்றாமல், உள்ளே அடங்குகிற சின்ன வெறும் அகலையோ, தகரக் கிண்ணத்தில் வரும் சிறு மெழுகுவர்த்தியையோ வைக்கச் சொல்லுங்கள். பெரிய அகலாக வாங்கினால்தான் இது முடியும். பிள்ளைகளிடம் சொன்னால் வீடு போய்ச் சேராது, ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பையில் போடுங்கள்.

கேஸ் பலூனையும் ஸ்னோ ஸ்பிரேயையும் அடித்துவிடுங்கள். பலூனில் இருக்க வேண்டியது ஹீலியம், அது தீப்பிடிக்காது. ஆனால் விலை அதிகம் என்பதால் ஹைட்ரஜனை நிரப்பி விற்கிறவர்கள் உண்டு, மெழுகுவர்த்தி பட்டால் பந்தாகப் பற்றி எரியும். எது என்று வெளியிலிருந்து உங்களுக்குத் தெரியாது. ஸ்னோ ஸ்பிரேயைத் தள்ளும் வாயுவும் எரியக்கூடியதுதான். கேக்கில் மெழுகுவர்த்தி எரியும் அதே நொடியில் அதைக் குழந்தையின் முகத்துக்கு நேராக அடிக்கிறார்கள், முடி பற்றிக்கொண்ட சம்பவங்கள் நடந்திருக்கின்றன. மூச்சால் ஊதிய பலூனை வாசலில் கட்டுங்கள், பிள்ளைகளுக்கு அதுவே கொண்டாட்டம்.

கொடுத்த 3,000க்கு ரசீது இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே வாட்ஸ்அப்பில், 'முன்பணம் 3,000 இந்தத் தேதியில் தந்தோம், அலங்காரம், கிட், கேஸ் பலூன், ஸ்பிரே நான்கும் வேண்டாம்' என்று எழுதி, அவர் பதில் வரும்வரை விடாதீர்கள். போனில் பேசியது பேச்சோடு போகும். பணத்தைத் திருப்பித் தரமாட்டேன் என்றால் சண்டைக்குப் போக வேண்டாம். அவர் கொட்டேஷனிலேயே விளையாட்டு நடத்தும் ஆளுக்கு அதே 3,000தான் போட்டிருக்கிறார். அந்த ஒருவரை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். பதினைந்து பிள்ளைகள் தீட்டி முடித்துவிட்டுப் பொம்மை காயும் அரை மணி நேரம்தான் வீட்டில் தாங்காது, அப்போது அந்த ஆள் மொட்டை மாடியில் விளையாட்டு நடத்தட்டும். வேறு எதற்கும் மேற்கொண்டு பணம் கொடுக்காதீர்கள்.