வீட்டார் பேசுகிறார்கள், அவர் பேசுவதில்லை: களப்பணியாளர் கேள்வி-பதில்

மாற்றுத்திறனாளிகளுக்கான களப்பணி பற்றி இந்த முறை வந்த கேள்விகளில் பாதி, மாற்றுத்திறனாளி சான்றிதழும் உதவித்தொகையும் பற்றியவை. அவற்றில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். மற்ற இடத்தை வேறு கேள்விகளுக்கு ஒதுக்கியிருக்கிறேன்.

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்திருக்கிறேன். மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனங்களில் வேலை கேட்டால், "ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா?" என்கிறார்கள். அது கட்டாயமா?

நீங்கள் கேட்கும் பதவியைப் பொறுத்தது. சமூகப் பணியாளர் அனைவருக்கும் பொதுவான உரிமம் எதுவும் இந்தியாவில் கிடையாது. ஆனால் 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டத்தின்படி பதிவு செய்ய வேண்டியோர் பட்டியலில், சிறப்பு ஆசிரியர், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோருடன் மறுவாழ்வு சமூகப் பணியாளரும் இருக்கிறார். அதற்குக் கவுன்சில் அங்கீகரித்த படிப்பு வேண்டும், பொதுவான எம்.எஸ்.டபிள்யூ. பட்டம் தானாகத் தகுதியாகிவிடாது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் உள்ள, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான தேசிய நிறுவனம் அத்தகைய மறுவாழ்வுப் படிப்புகள் பலவற்றை நடத்துகிறது. களப்பணியாளர், ஒருங்கிணைப்பாளர் போன்ற வேலைகளுக்குப் பெரும்பாலும் பதிவு கேட்பதில்லை. முதலில் அப்படி ஒரு வேலையில் சேர்ந்து, இந்தத் துறை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டு மேற்படிப்புக்குப் பணம் கட்டுங்கள்.

வீடு தேடிப் போனால் குடும்பத்தாரே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார்கள். மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள அந்த இளைஞரிடம் பேசவே வாய்ப்புக் கிடைப்பதில்லை. என்ன செய்வது?

முந்திக்கொண்டு பதில் சொல்லும் அம்மாவின் மீது குற்றமில்லை. இருபது ஆண்டுகளாக மருத்துவரிடமும் பள்ளியிலும் அலுவலகங்களிலும் அவர்தான் பதில் சொல்லிப் பழகியிருக்கிறார். "அம்மா, கொஞ்சம் பேசாமல் இருங்கள்" என்று சொல்லிவிட்டால் அடுத்த முறை கதவு திறக்காது.

உட்காரும் இடத்தை முதலில் மாற்றுங்கள். அந்த இளைஞரின் முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும். உங்கள் கண்மட்டமும் அவருடையதும் ஒன்றாக இருக்க வேண்டும். அவர் பாயில் இருந்தால் நீங்களும் பாயில். பிறகு அவரிடமே கேளுங்கள், கேட்டுவிட்டுக் காத்திருங்கள். மூளை முடக்குவாதம் உள்ள பலருக்குப் பதில் தெரியும், வாய் ஒத்துழைக்கத்தான் நேரமாகும். அந்த இடைவெளியில் நாம் பொறுமையிழந்து அடுத்த கேள்விக்குத் தாவிவிடுகிறோம். பேச்சு வராதவர் "ஆம்" என்பதை எப்படிக் காட்டுகிறார், கண்ணாலா, தலையாலா, கையாலா என்பதை அம்மாவிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர் அதில் நிபுணர். தன் அனுபவத்துக்கு மதிப்புக் கிடைக்கிறது என்று தெரிந்தால் தானாகவே சற்றுப் பின்வாங்குவார்.

முதல் கேள்வியே உதவித்தொகை, குறைபாட்டுச் சதவீதம் என்று வேண்டாம். யார் சவரம் செய்துவிடுகிறார்கள், எந்தச் சட்டை பிடிக்கும், மாலையில் எங்கே உட்காரப் பிடிக்கும் என்று தொடங்குங்கள். அவருக்கு மட்டுமே பதில் தெரிந்த கேள்விகள் இவை.

என் மகனுக்கு அறிவுசார் குறைபாடு. அடுத்த ஆண்டு 18 வயதாகிறது. அதன் பிறகும் நான்தானே காப்பாளர்?

தாய் என்ற முறையில் ஆம்; சட்டப்படி தானாக அல்ல. 18 வயது முடிந்ததும் பெற்றோரின் இயற்கைக் காப்பாளர் உரிமை முடிந்துவிடுகிறது. பலருக்கு இது வங்கியில்தான் தெரியவருகிறது.

1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் உரியது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழுவிடம் விண்ணப்பித்துக் காப்பாளர் நியமனம் பெறலாம். விண்ணப்ப விவரம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கிடைக்கும். நியமனம் பெற்றவர் ஆறு மாதத்துக்குள் மகனின் சொத்து விவரத்தையும், பிறகு ஆண்டுதோறும் வரவு செலவுக் கணக்கையும் தர வேண்டும். உறவினர் யாரேனும் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று முன்வந்தால் இதை முதலில் சொல்லுங்கள். பலர் அங்கேயே தயங்கிவிடுவார்கள்.

விண்ணப்பிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. எந்த முடிவுகளுக்குக் காப்பாளர் தேவை என்று எழுதிப் பாருங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், அந்த நபரைக் கலந்தே முடிவெடுக்கும் வரம்புக்குட்பட்ட காப்பாளர் முறையைச் சொல்கிறது. உங்கள் மகனுக்கு நிலப் பத்திரம் புரியாமல் இருக்கலாம். எங்கே வேலைக்குப் போக வேண்டும் என்பதில் தெளிவான விருப்பம் இருக்கலாம். இரண்டையும் ஒரே கையெழுத்தில் அடக்கிவிடாதீர்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழில் குறைபாடு 35 சதவீதம் என்று போட்டிருக்கிறார்கள். 40 ஆக்க முடியுமா?

"ஆக்க" முடியாது. அப்படி வாக்களிக்கும் இடைத்தரகரிடம் பணம் தராதீர்கள். மதிப்பீடு தவறு என்று கருதினால் 2016 சட்டத்தின் 59ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். பழைய மருத்துவ அறிக்கைகளை வரிசைப்படுத்தி எடுத்துச் செல்லுங்கள். அரசுச் சலுகைகளில் பெரும்பாலானவை 40இல்தான் தொடங்குகின்றன என்பதால் உங்கள் ஆதங்கம் புரிகிறது.

முகாமில் வாங்கித் தந்த சக்கர நாற்காலி மூலையில் கிடக்கிறது. எடுத்துச் சொல்லியும் பயன்படுத்த மறுக்கிறார்.

எடுத்துச் சொல்வதை நிறுத்திவிட்டு அளவு பாருங்கள். அடுத்தவர் செருப்பைப் போட்டு நடப்பதைப் போலத்தான் அளவு பார்க்காமல் தரும் நாற்காலியும். இருக்கை அகலமாக இருந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். கால்தாங்கி அளவுக்கு மீறி உயரமாக இருந்தால் எடை பெரும்பாலும் புட்டத்தில் விழும். தண்டுவடக் காயம் உள்ளவருக்கு உணர்ச்சி இல்லாததால் புண் வருவதே தெரியாது. தகுந்த மெத்தை வேண்டும். கால் மணி முதல் அரை மணிக்கு ஒரு முறை உடலைத் தூக்கியோ சாய்த்தோ அழுத்தத்தைக் குறைக்கவும் பழக்க வேண்டும்.

பிறகு கழிப்பறைக் கதவை அளந்து பாருங்கள். நாற்காலி உள்ளே போகாது என்றால், அவர் மறுப்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

நன்கொடையாளர்கள் பயனாளியின் படம் கேட்கிறார்கள். எடுக்கலாமா?

அவரைக் கேளுங்கள். எதற்கு, எங்கே வெளியாகும் என்பதைச் சொல்லிக் கேளுங்கள். சங்கடமாகச் சிரித்தால் அது சம்மதமில்லை. கேமராவை உள்ளே வைத்துவிடுங்கள். நன்கொடையாளருக்கு நாற்காலியின் ரசீதை அனுப்பலாம்.