தாத்தாவின் இறுதிச் சடங்குக்கு மற்றவர்களிடம் பணம் கேட்பது கேவலமா?

"தாத்தா இறந்துவிட்டார், கையில் பணம் இல்லை, வாட்ஸ்அப்பில் கேட்டால் குடும்பத்துக்கு அவமானமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதியிருக்கும் வேகத்தைப் பார்த்தால் உடல் இன்னும் வீடு வந்து சேரவில்லை என்று நினைக்கிறேன். கேளுங்கள். இப்போதே கேளுங்கள். இந்தப் பதிலின் மீதியைக் காரியம் முடிந்தபிறகு படித்துக்கொள்ளலாம்.

மீதி என் கதை. 2019 ஜூலை. ஊர் காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். அந்த மாதம் காஞ்சிபுரம் எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழும் அத்திவரதரைப் பார்க்க ஊரெல்லாம் ஜனம். 1979-இல் என் அப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தவர் தாத்தா. இந்த முறை போகலாம் என்று முதல் நாளே கூப்பிட்டேன். "40 வருஷம் தண்ணீருக்குள் இருந்தவர் எனக்காக இன்னும் பத்து நாள் இருக்க மாட்டாரா? கூட்டம் குறையட்டும்" என்றார். கூட்டம் குறையவில்லை. ஒன்பதாம் தேதி காலையில் தறிக்குழியிலிருந்து எழுந்திருக்கும்போது கை இழுத்துக்கொண்டது.

76 வயது. அதுவரை தறியில் உட்கார்ந்த மனிதர். சித்தப்பாவின் பிடிவாதத்தில் சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். பெயரைச் சொல்லப் போவதில்லை. மூன்று நாளில் அம்மாவின் வளையல், என் சேமிப்பு எல்லாம் போயின. வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்குப் போய்விட்டார். பாக்கி 31,000 ரூபாயைக் கட்டினால்தான் உடல் என்றார்கள். மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, அதற்கடுத்த நாள் ஞாயிறு. வங்கி இல்லை. அடகு வைக்க நகையும் இல்லை.

சித்தப்பாவுக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. நூற்றுக்குப் பத்து, மாத வட்டி. அந்த ஆள் அர்த்தராத்திரியிலும் போனை எடுப்பானாம். நான் வாட்ஸ்அப்பில் கேட்கிறேன் என்றதும் மருத்துவமனை வாசலிலேயே கத்தினார்: "நெய்கிறவன் வீட்டில் கடன் இருக்கும், பிச்சை இருக்காது." நல்ல வாக்கியம்தான், தாத்தாவே சொல்லியிருக்கக்கூடிய வாக்கியம். ஆனால் வட்டிக்காரனிடம் கை நீட்டினால் மானம், கூடப் படித்தவனிடம் கை நீட்டினால் பிச்சை என்கிற கணக்கு எனக்கு இன்றுவரை புரியவில்லை. இரவு ஒரு மணிக்கு மூன்று குழுக்களில் எழுதினேன். என்ன நடந்தது, எதற்கு எவ்வளவு, மொத்தம் 60,000, கடனாகக் கொடுத்தாலும் சரி, எதுவும் கொடுக்காவிட்டாலும் மனத்தாங்கல் இல்லை. அவ்வளவுதான். அழுதுகொண்டு எழுதவில்லை. எழுதி முடித்தபிறகு கை நடுங்கியது.

ஒன்று இருபதுக்கு முதல் பணம் வந்தது. ஓசூரில் வேலை பார்க்கும் பள்ளித் தோழன். 1,001 ரூபாய். சாவுக்குப் போய் யாராவது ஒரு ரூபாய் சேர்த்து அனுப்புவார்களா? கல்யாண மொய் எழுதிய பழக்கதோஷம். அந்த நேரத்தில் அந்த ஒரு ரூபாயைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அத்தை என்னை முறைத்தார்.

காலை பதினொரு மணிக்குள் 61 பேர். "போதும், இனி யாரும் அனுப்ப வேண்டாம்" என்று நானே எழுதினேன். நீங்களும் அதை மறக்காமல் எழுதிவிடுங்கள். நிறுத்தச் சொல்லாதவனைப் பற்றித்தான் பிறகு பேச்சு வரும். இன்னொன்று, உடலின் படத்தைப் போடாதீர்கள். என் பெரியப்பா மகன் மூக்கில் பஞ்சு வைத்த முகத்தைப் போட்டுவிட்டான். தாத்தாவைத் தெரியாத 200 பேருடைய போனில் அந்த முகம் இன்றும் எங்கோ கிடக்கும்.

"60,000 எதற்கு, தகன மேடையில் எரித்தால் சில நூறில் முடியுமே" என்று யாராவது கீழே எழுதக் காத்திருப்பார்கள். ஐயா, தகன மேடையில்தான் எரித்தோம். எல்லாவற்றிலும் குறைந்த செலவு அதுதான். பாதிக்கு மேல் மருத்துவமனைப் பாக்கிக்கே போனது. சென்னையிலிருந்து 75 கிலோமீட்டர் வர வண்டிக்கு 8,500. ஃப்ரீசர் பெட்டி, பந்தல், நாற்காலி, பறை, பூப்பல்லக்கு. வரதர் புண்ணியத்தில் ஊரில் பூ விலை அப்போது ஆகாயத்தில் இருந்தது. பல்லக்கு வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதற்கு என்னைத் திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். சனிப்பிணம் தனிப்போகாது என்று அத்தை ஒரு கோழிக்குஞ்சும் வாங்க வைத்தார். அதன் காலைப் பாடையில் கட்டினார்கள். வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தது.

வண்டி விஷயத்தில் நான் ஏமாந்ததை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 108 ஆம்புலன்ஸ் உயிரோடு இருப்பவர்களுக்குத்தான், உடலை ஏற்றாது. அரசு மருத்துவமனையில் இறந்திருந்தால் அரசின் இலவச அமரர் ஊர்தி உண்டு, 155377 என்ற எண்ணில் அழைக்கலாம். எங்களுக்கு அது பொருந்தியிருக்காது என்பது வேறு. அப்படி ஒன்று இருப்பதே எங்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. வந்த வண்டியும் போலீஸ் தடுப்புகளில் நின்று நின்று, ஊர் எல்லையிலிருந்து தெருவுக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. கண்ணாடி வழியே பார்த்தால் இரண்டு பக்கமும் தரிசனத்துக்குப் போகிறவர்கள். சிலர் எங்கள் வண்டியையும் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

தாத்தாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அசல் காஞ்சிபுரம் கோர்வைச் சேலைக்கு, அதாவது கரையையும் உடலையும் தனித்தனி நூலில் நெய்து கோக்கும் சேலைக்கு, மூன்று நாடா. நாடா என்றால் தறியில் குறுக்கு நூலை எடுத்துக்கொண்டு போகும் கட்டை. உடலுக்கு ஒன்று, இரண்டு கரைகளுக்கும் ஒவ்வொன்று. நெய்கிறவர் ஒருவரே மூன்றையும் எறிந்து சமாளிப்பது கடினம். ஒரு பக்கத்துக்குத் துணையாள் வேண்டும். பாட்டி இருந்தவரை அது பாட்டியின் இடம். பாட்டி போனபிறகு கோடை விடுமுறைகளில் நான். (குழந்தைத் தொழிலாளர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு யாரும் வர வேண்டாம். நான் பள்ளிக்கு ஒரு நாள் மட்டம் போட்டாலும் தாத்தா தறியை நிறுத்திவிட்டுத் தேடி வருவார்.) "விடு... வாங்கு... விடு... வாங்கு" என்று சொல்லிக்கொண்டே மிதிப்பார். கவனம் தப்பினால் தலையில் ஒரு குட்டு. நாள் முடிவில் இரண்டு ரூபாய். அதைச் சும்மா கொடுக்க மாட்டார். பட்டு, ஜரிகைக் கணக்கு எழுதும் நீள நோட்டில் "கோர்வை ஆள் கூலி" என்று எழுதி, எதிரில் என்னைக் கையெழுத்துப் போடச் சொல்வார். எனக்குப் பத்து வயது. கையெழுத்து என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே அப்போதுதான் தெரியும்.

அந்த நோட்டின் மிச்சப் பக்கங்களில்தான் 61 பேரையும் எழுதி வைத்தேன். வேறு நோட்டு கைக்கு அகப்படவில்லை.

இனி நான் சொல்வதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. கோடித் துணி. வந்தவர்களெல்லாம் ஆளுக்கு ஒரு வேட்டி, துண்டு. எண்ணினேன், 43. அத்தனையும் விசைத்தறித் துணி, பாதிக்கு மேல் பாலியஸ்டர், தொட்டால் வழுக்குகிறது. ஐம்பது வருடத்துக்கு மேல் கைத்தறியில் உட்கார்ந்த மனிதனின் மேல் கடைசியாகப் போர்த்தியது அது. எரிக்கும் முன் எல்லாவற்றையும் உருவி மயானத்தில் ஓரமாகப் போட்டார்கள். துணிக்குச் செலவழித்த அந்த நூறு ரூபாயை ஆளுக்கு ஆள் அத்தையின் கையில் கொடுத்திருந்தால் ஃப்ரீசர் பெட்டிக்கும் எடுத்து மிச்சமும் இருந்திருக்கும். ஆனால் அப்படிக் கொடுத்தால் மரியாதை இல்லையாம்! கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் போட்டார்கள். முதலில் 22 ரகம், பிறகு 11 ஆகக் குறைத்தார்கள். அந்தப் பதினொன்றில் வருவதையும் விசைத்தறியில் ஓட்டிக் கைத்தறி என்று விற்கிறவர்களை எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே பார்க்கலாம். அதிலொரு கடையில் வாங்கிய துண்டும் அந்த 43-இல் இருந்திருக்கும். தாத்தா உயிரோடு இருந்திருந்தால் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இது மெஷின்" என்று திருப்பிக் கொடுத்திருப்பார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தாத்தா 22 வருடம் சேலை நெய்து கொடுத்த முதலாளியும் வந்தார். ஆளுயர மாலை. பதினாறாம் நாள் காரியத்துக்கும் வந்து, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, தாத்தா வாங்கியிருந்த முன்பணத்தில் 12,000 நிற்கிறது என்று அப்பாவிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன், கணக்கு கணக்குதான். கொடுத்து முடித்தோம். ஆனால் யாரிடம் கேட்க வேண்டும், யாரிடம் கேட்கக் கூடாது என்று நீங்கள் இப்போது மனதுக்குள் ஒரு பட்டியல் போட்டுக்கொண்டிருப்பீர்கள் இல்லையா, அந்தப் பட்டியலை நம்பாதீர்கள். என் பட்டியலில் முதலில் இருந்த நாலு பேர் போனையே எடுக்கவில்லை. பட்டியலிலேயே இல்லாத, அப்பா எப்போதோ ஒருமுறை வண்டி பழுதுபார்க்கக் கொடுத்த மெக்கானிக் 2,000 அனுப்பினார்.

சித்தப்பா என்னோடு எட்டு மாதம் பேசவில்லை. பிறகு அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் குறைந்தபோது, "உன் அந்தக் குழுவில் ஒரு வார்த்தை போட முடியுமா?" என்று கேட்டார். போட்டேன். வேறு எதுவும் சொல்லவில்லை. சொல்ல நாக்கு துடித்தது, அது வேறு.

கடன் என்று சொல்லி அனுப்பிய 14 பேருக்கும் ஒன்றரை வருடத்தில் திருப்பிக் கொடுத்தேன். மற்றவர்கள் வாங்க மாட்டேன் என்றார்கள். அவர்கள் வீட்டில் நல்லது கெட்டது நடக்கும்போது செய்து, நோட்டில் பெயருக்கு எதிரே ஒரு கோடு போட்டு வருகிறேன். இன்னும் இருபத்து மூன்று பெயர் பாக்கி. போன ஐப்பசியில் ஓசூர் நண்பனின் அப்பா காலமானார். போக முடியவில்லை. நோட்டைப் பார்த்து, முறைப்படி ஒற்றை ரூபாய் சேர்க்காமல் 1,000 அனுப்பினேன். பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது: "ஒரு ரூபாய் குறைகிறதே."